சாறு முதல் சட்டம் வரை: அபினின் பெயர்கள்

ஒரே செடிக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. விதையைத் தேங்காயோடு சேர்த்துக் குருமாவுக்கு அரைக்கும்போது அது கசகசா. காயைக் கீறி வடித்த பாலைக் காவல்துறை பறிமுதல் செய்யும்போது அது அபின். இரண்டுமே தமிழில் பிறந்த சொற்கள் அல்ல. கசகசா, அரபியிலும் பாரசீகத்திலும் வழங்கும் 'கஷ்காஷ்' என்பதன் திரிபு. சலசலத்தல், கலகலத்தல் என்று பொருள்படும் அரபு வினையோடு அது ஒலியில் ஒத்துப்போகிறது. உலர்ந்த காயை ஆட்டினால் உள்ளே விதைகள் எழுப்பும் ஓசையே பெயரானது என்று கருத இடமுண்டு. அபின் என்ற சொல்லோ கிரேக்கத்தில் புறப்பட்டு, அரபு வணிகர்களின் வாய்வழியாக ஆசியா முழுக்கச் சுற்றி வந்தது.

அபினின் சொல் வரலாற்றைத் தனியாகப் பார்த்தால் அது அகராதிக்காரர்களின் ஆர்வம் மட்டுமே. மார்ஃபின், கொடேயின், ஹெராயின், நார்கோட்டிக், அடிமை என்று அதன் சுற்றத்தையும் சேர்த்து வரிசையாக வைத்துப் பார்க்கும்போது வேறொரு செய்தி கிடைக்கிறது. மனிதரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இந்தப் பொருளின் பெரும் இயல்பை இவற்றில் எந்தப் பொருட்பெயரும் தொடக்கத்தில் சொல்லவில்லை. பெயரைச் சூட்டியவருக்கு அப்போது எது தேவைப்பட்டதோ அதையே பெயர் சொன்னது. ஆபத்து பிறகு வந்து பெயரின்மேல் படிந்தது. படிந்த பின், கறையில்லாத புதுப்பெயர் ஒன்று தேவைப்பட்டது.

கிரேக்கத்தின் சாறு

கிரேக்க மொழியில் 'ஒப்போஸ்' என்றால் செடியிலிருந்து வடியும் சாறு. நாம் கள்ளிப்பால், எருக்கம்பால் என்கிறோமே, அந்தப் பால். அதன் குறுமை வடிவம் 'ஒப்பியோன்'. லத்தீன் அதை 'ஓப்பியம்' ஆக்கிக்கொண்டது. ஆக, உலகத்தை ஆட்டிப்படைத்த பொருளின் பெயருக்கு அடிப்படைப் பொருள் 'கொஞ்சம் சாறு' என்பதுதான். உறக்கம், மயக்கம், கனவு, நஞ்சு எதுவும் அதில் இல்லை.

செடியைக் கிரேக்கர்கள் 'மேக்கோன்' என்றார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் மருந்துச் செடிகளைப் பற்றி எழுதிய டயாஸ்கொரிடிஸ் இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்டினார். காயைக் கீறி எடுத்த பால் ஒன்று. காயும் இலையுமாகச் செடியை நசுக்கிப் பிழிந்தெடுத்த வலிமை குறைந்த சாறு இன்னொன்று. இதற்கு 'மேக்கோனியோன்' என்று பெயர். அந்தப் பெயர் இன்று மகப்பேறு மருத்துவத்தில் உயிரோடு இருக்கிறது. பிறந்த குழந்தை முதன்முதலில் கழிக்கும் கருஞ்சாந்து நிற மலத்தை மருத்துவர்கள் 'மெகோனியம்' என்பது இதிலிருந்து வந்ததுதான்.

கிரேக்கத்துக்கு முன்பே சுமேரியர்கள் இதை 'மகிழ்ச்சிச் செடி' என்று அழைத்தார்கள் என்ற செய்தி நூலுக்கு நூல் எடுத்தாளப்படுகிறது. களிமண் பலகையில் உள்ள இரு குறிகளை ஒருவிதமாக வாசித்ததன் விளைவு அது. அந்தக் குறிகள் அபின் செடியைத்தான் சுட்டுகின்றனவா என்று பின்வந்த ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியுள்ளனர். கேட்க இனிமையாக இருப்பதாலேயே ஒரு சொற்பிறப்பு உண்மையாகிவிடாது.

அறிவியல் பெயரில்தான் உறக்கம் நுழைகிறது. 1753-இல் தாவரவியலர் லின்னேயஸ் இந்தச் செடிக்கு 'பபாவேர் சோம்னிஃபெரம்' என்று பெயரிட்டார். பின்பாதிக்கு 'உறக்கம் தருவது' என்று பொருள். பல நூற்றாண்டு மருத்துவப் பழக்கம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

பகரம் ஃபகரமான வழி

அரபியில் வல்லெழுத்தான பகர ஒலி கிடையாது. அதனால் ஒப்பியோன் 'அஃப்யூன்' ஆனது. அரபியிலிருந்து பாரசீகம், துருக்கி, இந்தி என்று போகும் இடமெல்லாம் அந்த ஃபகரமும் கூடவே போனது. துருக்கியில் ஒரு நகரமே அஃப்யோன்கரஹிசார் என்று பெயர் பெற்றிருக்கிறது. அபின் விளையும் ஊரின் கருங்கோட்டை என்று விளங்கிக்கொள்ளலாம். இந்தியில் அஃபீம், மராத்தியில் அஃபூ, கன்னடத்தில் அஃபீமு. தமிழில் ஃபகரம் இயல்பான ஒலி அல்ல. எனவே இங்கே வந்ததும் அது மறுபடி பகரமாகி, இரண்டு உயிர்களுக்கு நடுவே நிற்பதால் மென்மையும் பெற்று, அபின் என்றும் அபினி என்றும் நிலைத்தது. சிங்களத்திலும் ஏறக்குறைய இதே வடிவம்தான். அரபு கைவிட்ட கிரேக்கப் பகரத்தை எழுத்தளவில் தமிழ் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

இந்த ஒலிமாற்றம் அந்தக் காலத்திலேயே ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது. கோவாவில் வாழ்ந்த போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா 1563-இல் அங்கேயே அச்சிட்ட நூலில், இந்தியச் சந்தையில் புழங்கும் பெயர் கிரேக்கப் பெயரின் அரபுத் திரிபே என்று விளக்கியிருக்கிறார்.

சமஸ்கிருதம் இந்தச் சொல்லை எதிர்கொண்ட விதம் தனிக்கதை. சரகர், சுஸ்ருதர் பெயரில் வழங்கும் பழைய மருத்துவ நூல்களில் அபின் இல்லை. இடைக்கால நூல்களில்தான் அது 'அஹிபேன' என்ற பெயரோடு தலைகாட்டுகிறது. 'அஹி' என்றால் பாம்பு, 'பேன' என்றால் நுரை. பாம்பின் வாய் நுரை என்று பொருள் கொண்டு பார்த்தால் பொருளின் நஞ்சுத்தன்மையைக் கண்டுபிடித்து வைத்த பெயர் போலத் தோன்றும். உண்மையில் அது வந்தேறிச் சொல்லான அஃப்யூனுக்கு மாட்டிவிட்ட சமஸ்கிருதச் சட்டை. புரியாத அயற்சொல்லைத் தெரிந்த சொற்களாக உடைத்துப் பொருள் காண்பது எல்லா மொழிகளுக்கும் உள்ள பழக்கம்தான். அபின் இங்கே வந்து சேர்ந்த காலத்தையும் வழியையும் அந்தச் சட்டையே காட்டிக் கொடுக்கிறது.

சீனத்திலும் இதுதான் நடந்தது. 16-ஆம் நூற்றாண்டில் லி ஷிசென் தொகுத்த பெரும் மருந்து நூலில் இது 'அ-ஃபூரோங்' என்று வருகிறது. ஃபூரோங் என்பது ஒரு மலரின் பெயர். பிற்காலத்தில் பரவிய 'யாபியேன்' என்ற பெயரை எழுதப் பயன்படும் குறிகளுக்குக் காகம், துண்டு என்று பொருள். காகத்துக்கும் அபினுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஒலிக்காக மட்டுமே அவை எடுத்துக்கொள்ளப்பட்டன.

அயற்பெயரை வேண்டாம் என்று ஒதுக்கிய மொழிகளும் உண்டு. தெலுங்கில் அபினுக்கு 'நல்லமந்து' என்று பெயர், கறுப்பு மருந்து. மலையாளத்தில் வெறும் 'கறுப்பு'. மாலையில் பச்சைக் காயைக் கீறிவிட்டால் வெண்பால் கசிந்து இரவெல்லாம் காற்றுப்பட்டுப் பழுப்பாகி இறுகும். காலையில் அதைச் சுரண்டி எடுப்பார்கள். நாளாக ஆகக் கறுக்கும். இந்த இரு பெயர்களையும் வைத்தவர்கள் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றிலும் அடிமைத்தனம் பற்றிய பேச்சில்லை. நிறமும் மருந்தும்தான்.

வணிகம் தந்த சொற்கள்

18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அபின் வேறொரு அளவில் உற்பத்தியாகத் தொடங்கியது. 1773-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் வங்காள அபின் வணிகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமானது. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் பதப்படுத்தி உருண்டைகளாக்கிப் பெட்டியில் அடைத்துக் கல்கத்தாவில் ஏலம் விட்டார்கள். வாங்கிய தனியார் வணிகர்கள் அதைச் சீனக் கடற்கரைக்குக் கடத்தினார்கள். சீனப் பேரரசு 1729-இலேயே அபின் புகைப்பதற்கு எதிராக ஆணையிட்டிருந்தது. 1839-இல் லின் ஸெஷூ என்ற அதிகாரி 20,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தார். அதைத் தொடர்ந்து மூண்ட முதல் அபின் போர் 1842-இல் சீனாவின் தோல்வியில் முடிந்து, ஹாங்காங் பிரிட்டன் கைக்குப் போனது.

பொருளின் பெயர் பழக்கத்தின் பெயராக மாறியது இந்த வணிகப் பாதையில்தான். புகைப்பதற்காகக் காய்ச்சிப் பதப்படுத்திய அபினுக்கு இந்தியிலும் மலாயிலும் 'சண்டு' என்று பெயர். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் சண்டு விற்பனை உரிமையைக் குத்தகைக்கு விட்டு வந்த தொகை அரசு வருவாயில் மிகப் பெரும் பங்கு. 1910-இல் அரசே அந்த விற்பனையை எடுத்துக்கொண்டது. இன்று இந்தோனேசிய மொழியில் 'கெசண்டுவான்' என்றால் அபின் பழக்கம் மட்டுமல்ல. கைபேசிக்கோ சூதாட்டத்துக்கோ ஒருவர் ஆட்பட்டுக் கிடப்பதற்கும் அதுவே பெயர். ஒரு காலத்தில் வரி வசூலித்த சரக்கின் பெயர், ஒரு மொழியில் எல்லா அடிமைத்தனத்துக்குமான பொதுப்பெயராகிவிட்டது.

சீனத்தில் அபினுக்கான ஏக்கத்தைக் குறிக்கும் 'யின்' என்ற சொல் அமெரிக்காவுக்குக் குடியேறிய சீனத் தொழிலாளர்களோடு போய், ஆங்கிலத்தில் ஆசையைக் குறிக்கும் 'யென்' ஆனது என்று அகராதிகள் தருகின்றன. 'டோப்' என்ற சொல்லின் கதையும் அங்கேதான் திரும்புகிறது. டச்சு மொழியில் தொட்டுக்கொள்ளும் குழம்பைக் குறித்த சொல் அது. புகைக்குழாயில் வைக்கும் கெட்டியான அபின் பாகைக் குறித்து, பிறகு எல்லாப் போதைப்பொருளுக்கும் ஆகி, கடைசியில் விளையாட்டு வீரர்களின் ஊக்கமருந்துச் சோதனை வரை வந்துவிட்டது.

ஆய்வகத்தின் ஞானஸ்நானம்

19-ஆம் நூற்றாண்டு வரை அபின் ஒரே பொருள். அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. விளைச்சலுக்கு விளைச்சல் வலிமை மாறும். போன முறை குணப்படுத்திய அதே அளவு இந்த முறை கொன்றுவிடலாம். 1805-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் பாடர்போர்ன் நகர மருந்துக்கடையில் உதவியாளராக இருந்த இளைஞர் ஃபிரீட்ரிக் சேர்ட்டூர்னர் அபினிலிருந்து அதன் செயல்படு பொருளைத் தனியே பிரித்தார். தாவரத்திலிருந்து பிரிக்கப்பட்ட முதல் ஆல்கலாய்டு அது. கிரேக்கத் தொன்மத்து மோர்ஃபியஸின் பெயரை ஒட்டி அதற்கு 'மார்ஃபியம்' என்று பெயர் வைத்தார். மோர்ஃபியஸை உறக்கத்தின் கடவுள் என்று பலர் எழுதுகிறார்கள். ரோமானியக் கவிஞர் ஓவிட் காட்டும் மோர்ஃபியஸ் உறக்கக் கடவுளின் மகன். கனவில் மனித உருவங்களைச் சமைப்பவன். அவன் பெயரின் வேர்ச்சொல்லுக்கு உருவம் என்றே பொருள்.

இதற்குப் பிறகு பெயர்கள் வரிசையாக வந்தன. 1832-இல் பிரெஞ்சு வேதியியலர் ரோபிக்கே பிரித்த கொடேயின், அபின் காயின் தலைப்பகுதியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் பெற்றது. இருமல் மருந்துகளில் இன்றும் இருப்பது அதுதான். தீபெயின் என்பதில் ஒரு காலத்தில் நல்ல அபினுக்குப் பேர்போன எகிப்தின் தீப்ஸ் நகரம் ஒளிந்திருக்கிறது. வைன் சாராயத்தில் அபினைக் கரைத்த 'லாடனம்' ஐரோப்பிய வீடுகளில் வலிக்கும் இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கைமருந்தாக இருந்தது. அழும் குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். 1844-இல் வெளிவந்த கட்டுரையில் கார்ல் மார்க்ஸ் மதத்தை அபினுக்கு ஒப்பிட்டபோது, அவருடைய வாசகரின் மனத்தில் முதலில் எழுந்திருக்கக்கூடியது இந்தக் கைமருந்துதான். அபினைக் குற்றப் பொருளாக மட்டும் அறிந்த தலைமுறை அந்த ஒப்புமையை வசையாக மட்டும் வாசிக்கிறது. வலிநிவாரணியாகவும் அறிந்தவருக்கு அதில் துன்பத்தைப் பற்றிய இன்னொரு பாதி தெரியும்.

பெயர்களில் மிகத் துணிச்சலானது ஹெராயின். 1874-இல் லண்டனில் வேதியியலர் ஆல்டர் ரைட் மார்ஃபினிலிருந்து டைஅசிட்டைல்மார்ஃபினைத் தயாரித்தார். அப்போது அது கவனிக்கப்படவில்லை. 1897-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹோஃப்மன் அதை மறுபடி உருவாக்க, 1898-இல் ஹெராயின் என்ற வணிகப் பெயரோடு இருமல் மருந்தாகச் சந்தைக்கு வந்தது. வீரம் மிக்க, வலிமை மிக்க என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் சாயலில் வைத்த பெயர் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். மார்ஃபினைப் போலப் பழக்கமாக்காது என்ற நம்பிக்கையும் விளம்பரத்தோடு சேர்ந்து போனது. உடலுக்குள் போனதும் அது மார்ஃபினாகவே மாறுகிறது என்பதும், மூளையை இன்னும் விரைவாக எட்டுகிறது என்பதும் அனுபவத்தில் தெரிந்தன. 1913-இல் பேயர் தயாரிப்பை நிறுத்தியது. 1924-இல் அமெரிக்கா ஹெராயின் தயாரிப்புக்கே தடை விதித்தது.

இதே நாடகம் நூறாண்டு கழித்து இன்னொரு முறை அரங்கேறியது. தீபெயினிலிருந்து தயாராகும் ஆக்சிகோடோனை மெதுவாக வெளிவிடும் மாத்திரையாக்கி, 1996-இல் பர்டியூ ஃபார்மா ஆக்சிகான்டின் என்ற பெயரில் அமெரிக்கச் சந்தையில் இறக்கியது. அடிமையாகும் வாய்ப்பு குறைவு என்று விற்பனையாளர்கள் மருத்துவர்களிடம் சொன்னார்கள். அந்த மருந்தைப் பற்றித் தவறான தகவல் தந்ததாக 2007-இல் அதனோடு இணைந்த நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபினுக்கு மார்ஃபின், மார்ஃபினுக்கு ஹெராயின், ஹெராயினுக்கு அஞ்சியவர்களுக்கு ஆக்சிகான்டின் என்று ஒவ்வொரு புதுப்பெயரும் முந்தைய பெயரின் கறையிலிருந்து தப்பிக்கும் வழியாக வந்தது. மூலக்கூறு மாறியதைவிட வேகமாகப் பெயர் மாறியது.

நார்கோட்டிக்: மருத்துவர் சொல், வழக்கறிஞர் சொல்

'நார்கோட்டிக்' என்பதன் வேர் 'நார்கே' என்ற கிரேக்கச் சொல்; மரத்துப்போதல் என்று பொருள். தொட்டால் கையை மரத்துப்போகச் செய்யும் மின்திருக்கை மீனுக்கும் கிரேக்கர்கள் அதே பெயரை இட்டிருந்தார்கள். வலியை மரக்கச் செய்து உறக்கம் தரும் மருந்தே நார்கோட்டிக் என்பது மருத்துவர்களின் பழைய பயன்பாடு. இந்தப் பொருளில் அபினும் மார்ஃபினும் பொருந்தும்.

சட்டம் சொல்லை இழுத்து விரித்தது. 1909-இல் ஷாங்காயில் கூடிய பன்னாட்டு அபின் ஆணையமும் 1912-இன் ஹேக் உடன்படிக்கையும் கட்டுப்பாட்டுக்கு வழி திறந்தன. 1914-இல் அமெரிக்கா இயற்றிய ஹாரிசன் சட்டம் அபினையும் கோகோ இலையையும் ஒரே கட்டாகக் கட்டியது. கோகோயின் உறக்கம் தருவதில்லை, உறக்கத்தைக் கெடுப்பது. மருத்துவக் கணக்கில் அது நார்கோட்டிக்குக்கு நேர் எதிர். ஆனாலும் சட்டத்தின் கணக்கில் இரண்டும் ஒன்றாயின. 1961-இன் ஐ.நா. ஒற்றை உடன்படிக்கை கஞ்சாவையும் அந்தக் கட்டில் சேர்த்தது. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் கோகோ இலை, கஞ்சா, அபின், கசகசாச் செடியின் தட்டை ஆகிய அனைத்தும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்குகின்றன. நார்கோட்டிக் என்றால் இன்று 'மரக்கச் செய்வது' என்று பொருளல்ல. 'அரசு பட்டியலிட்டது' என்று பொருள்.

பட்டியலின் எல்லை எங்கே என்பதில் சமையலறைக்கும் பங்கு உண்டு. இந்தியச் சட்டம் தட்டைக்கு வரையறை தரும்போது விதையை வெளிப்படையாக விலக்குகிறது. அதனால் மளிகைக்கடையில் கசகசா தடையின்றிக் கிடைக்கிறது. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் விதைக்கே தடை உண்டு. அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைக்கு மசாலாப்பொடி கட்டிக் கொடுக்கும் தாய்மார்கள் கசகசாவைத் தவிர்க்கச் சொல்லி எச்சரிக்கப்படுவது இதனால்தான்.

தமிழுக்குள்ளேயே நார்கோட்டிக்குக்கு ஒற்றைப் பெயர் நிலைபெறவில்லை. கடந்த நூற்றாண்டின் முற்பகுதி எழுத்துகளில் 'லாகிரி வஸ்து' என்று காண்கிறோம். பிறகு 'போதை மருந்து' வந்து, இன்று தமிழக நாளேடுகளில் 'போதைப்பொருள்' நிலைத்திருக்கிறது. மருந்து என்ற சொல்லை விலக்கிவிட வேண்டும் என்ற எண்ணம் இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருப்பது தெரிகிறது. இலங்கையில் 1929-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் தலைப்பிலேயே நஞ்சு, அபின், அபாயகர ஔடதம் என்று மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. அங்குள்ள அரசுத் தமிழ் இன்றும் 'அபாயகர ஔடதங்கள்' என்றே எழுதுகிறது. மருந்துதான், ஆனால் ஆபத்தானது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் அந்தத் தொடர் சற்றுப் பழமையாக ஒலித்தாலும் பொருளில் துல்லியமானது.

அடிமை என்னும் தீர்ப்பு

பொருளின் பெயர் போலவே, அதற்கு ஆட்பட்டவரின் பெயருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஆங்கிலத்தின் 'அடிக்ட்' லத்தீனில் 'அடிக்டஸ்'. ரோமானியச் சட்டத்தில் கடனைத் திருப்பித் தர முடியாதவனை நீதிபதி தீர்ப்பளித்துக் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைப்பார். அப்படி ஒப்படைக்கப்பட்டவன் அடிக்டஸ். 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் படிப்புக்கோ பக்திக்கோ தன்னை ஒப்புக்கொடுத்தவரையும் இச்சொல் குறித்தது. அப்போது அதில் இழிவு இல்லை. அபின், மார்ஃபின் பழக்கத்தோடு இறுகக் கட்டப்பட்டது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

தமிழ் இதே இடத்துக்குத் தன் வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. குடிக்கு அடிமை, போதைக்கு அடிமை என்கிறோம். அந்தச் சொல்லில் வேதனைப்படுபவர் தெரிவதைவிடத் தோற்றுப்போனவர் தெரிகிறார். மருத்துவம் இந்தச் சிக்கலை உணர்ந்து சொல்லை மாற்றிக்கொண்டே வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1957-இல் அடிமைத்தனத்தையும் பழக்கத்தையும் பிரித்துப் பார்த்தது. 1964-இல் இரண்டையும் விட்டுவிட்டுச் 'சார்பு' என்ற சொல்லைப் பரிந்துரைத்தது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 'பொருள் பயன்பாட்டுக் கோளாறு' என்றது. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, குடியும் போதையும் ஒழுக்கக்கேடு அல்ல, நோய் என்ற கருத்தைத் தமிழகத்தில் ஊன்றியவற்றுள் முன்னோடி.

பெயர் மாறினால் போதுமா என்று கேட்கலாம். உடலுக்குப் பெயர் தெரியாது. 1973-இல் ஓப்பியப் பொருள்கள் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் கண்டறியப்பட்டன. 1975-இல் அபெர்டீனில் ஆய்வாளர்கள் ஹியூஸும் காஸ்டர்லிட்சும் உடலே தயாரிக்கும் ஓப்பியம் போன்ற பொருள்களை அடையாளம் கண்டார்கள். 'உள்ளிருந்து சுரக்கும் மார்ஃபின்' என்ற பொருளில் எண்டார்ஃபின் என்ற பெயரும் வந்தது. வலியைத் தணிக்க உடலுக்கென்று ஒரு முறை இருக்கிறது. அபின் அந்த முறையின் கதவைத் திறக்கும் கள்ளச்சாவி. அடிக்கடி திறந்தால் உடல் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. முன்பு போதுமாக இருந்த அளவு போதாமல் போகிறது. நிறுத்தினால் உடல் கலகம் செய்கிறது. இதில் மனவுறுதியின் குறைவோ குணக்கேடோ முதற்காரணம் அல்ல.

ஆனால் சமூகத்துக்குப் பெயர் தெரியும், அந்தப் பெயருக்கு ஏற்பவே அது நடந்துகொள்ளும். இதற்கு இந்தியாவே சான்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் மத்திய அரசின் உரிமத்தோடு உழவர்கள் அபின் பயிரிடுகிறார்கள். நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. உலகின் மருந்து நிறுவனங்களுக்கு அபின் தரும் நாடு இது. அதே நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பல ஆண்டுகள், புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் துடிப்பவர்களுக்கு மார்ஃபின் கிடைப்பது அரிதாகிப்போனது. மாநிலத்துக்கு மாநிலம் மாறுபட்ட உரிம விதிகள், கடும் தண்டனை பற்றிய அச்சம், நார்கோட்டிக் என்று எழுதிய பெட்டியை அலமாரியில் வைக்கத் தயங்கிய மருத்துவமனைகள் எல்லாம் சேர்ந்து அந்த நிலையை உண்டாக்கின. கேரளத்தின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர் ஆண்டுக்கணக்கில் போராடிய பின், 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு 'இன்றியமையாத நார்கோட்டிக் மருந்துகள்' என்ற புதிய வகை உருவானது.

வீரம் என்று பெயர் வைத்ததால் ஹெராயினை இருமலுக்குக் கொடுத்தார்கள். குற்றம் என்று பெயர் ஒட்டியதால் மார்ஃபினை மரணப்படுக்கையிலும் மறுத்தார்கள். இரண்டு தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான்: பொருளைப் பார்க்காமல் பெயரைப் பார்த்தது. போதைப்பொருள் பற்றி எழுதும்போது தமிழ் இதழியலும் அரசுத் தமிழும் அபின், மார்ஃபின், கோகோயின், கஞ்சா என்று ஒவ்வொன்றையும் அதனதன் பெயரில் குறிப்பிட்டு, அது உடலில் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் வாசகருக்குப் பயம் குறையாது. ஆனால் பயப்பட வேண்டியது எதற்கு என்பது தெளிவாகும். வலி தணிக்கும் மருந்தைக் கேட்க நோயாளியின் வீட்டார் கூச்சப்படாத நிலையும், பழக்கத்திலிருந்து மீள விரும்புபவர் வெட்கப்படாமல் மருத்துவரிடம் போகும் நிலையும் அந்தத் தெளிவிலிருந்துதான் வரும்.